மூன்று விரல் இடைவெளி

“அந்த மெஷின் உங்க பாத்ரூமுக்குள்ள போகாதுங்க.”

ரீஹாம் திரும்பிப் பார்த்தாள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் வேலையில் நின்ற கால்கள்... வெளியே காலை ஒன்பது மணிக்கே இருட்டிக்கொண்டு பெய்கிற டிசம்பர் மழை... தலையில் சுற்றியிருந்த துணியின் ஓரத்திலிருந்து கழுத்துக்குள் இறங்கும் ஈரம்... இத்தனைக்கும் நடுவில், முன்பின் தெரியாத ஒருவன் அவள் வீட்டுப் பாத்ரூமைப் பற்றிப் பேசுகிறான்!

“என் பாத்ரூம உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஹார்டுவேர் கடையில் இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காது மடல் சுட்டது.

அவன் மட்டும் சிரிக்கவில்லை. நெடிய உருவம். சட்டையெல்லாம் சிமென்ட் தூள். கண் இமையில்கூட வெள்ளையாய்ப் படிந்திருந்தது. அந்த வெள்ளைக்குக் கீழே கட்டன் டீ நிறத்தில் இரண்டு கண்கள்... தூங்கி ரொம்ப நாளான கண்கள். ‘என் கண்ணும் இப்படித்தான் இருக்கும்’ என்று ஏனோ தோன்றியது அவளுக்கு.

“நீங்கதானே இப்ப அம்மு கிர்கிஸ்கிட்ட சொன்னீங்க... சுவத்துக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவுல நாப்பது சென்டிதான்னு. அந்த மெஷின் மட்டுமே முப்பத்தெட்டு. அது முன்னாடி துளைக்கிற பிட்டு மாட்டணும். பின்னாடி நீங்க நிக்கணும். எங்க நிப்பீங்க... வாஷ்பேசினுக்குள்ளயா?”

“யுஸ்ரி உஸ்தா, பெரிய மேஸ்திரியே!” கல்லாவிலிருந்து, எல்லாருக்கும் ‘அம்மு’வான, அதாவது சித்தப்பாவான, கடைக்காரர் கிர்கிஸ் கத்தினார். “நீ லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்தானே? போய் லிஃப்ட்டப் பாரு. என் வியாபாரத்துல ஏன்ய்யா மண்ணப் போடற?”

“வியாபாரம் நடக்கட்டும் அம்மு. உருப்படியா நடக்கட்டும்னுதான் சொல்றேன்.”

ரீஹாமுக்கு எரிச்சலாக வந்தது. மேஜைமேல் அவள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த துளைபோடும் மெஷின், ஒரு கன்றுக்குட்டி மாதிரி கனமாகக் கிடந்தது. கான்கிரீட் என்றாலே இதுதான் என்று கிர்கிஸ் சத்தியம் பண்ணியிருந்தார்.

“சின்னது ஒண்ணு பக்கத்து வீட்ல வாங்கிப் பாத்தாச்சு. அரை மணி நேரம் தள்ளினேன். சுவர் பளபளன்னு ஆச்சே தவிர துளை விழல. அதான் பெருசா வேணுங்கறேன். போதுமா?”

“அது சாதா டிரில். சுத்தியல் படம் போட்டிருப்பான், ஆனா சும்மா கடகடன்னு நடுங்கும், அவ்வளவுதான். நம்ம உடம்பு பாரத்த அது மேல போட்டுத் தள்ளணும். நெருக்கமான இடத்துல சாஞ்சு தள்ள ஏது வழி?” அவன் கண்ணாடி அலமாரியின் அடித்தட்டைக் காட்டினான். “அம்மு, அந்தக் குட்டிய எடுங்க.”

குட்டியான, வளைந்து முழங்கை மாதிரி மடிந்த ஒரு மெஷின் வெளியே வந்தது. பேட்டரியில் ஓடுவது. மோட்டார் நீளவாக்கில் இல்லாமல் கீழ்நோக்கித் தொங்கியது.

“இதுக்குள்ள நிஜமாவே ஒரு சுத்தியல் இருக்கு. நீங்க தள்ளவே வேண்டாம். அதுவே இடிக்கும். நீங்க சும்மா பிடிச்சுக்கிட்டாப் போதும்.”

நீங்க தள்ளவே வேண்டாம்...

ஆறு வருஷத்தில் அவளிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அது மனதைத் தொட்டதை மறைக்கும் அவசரத்தில் குரல் கூடுதலாகவே முறுக்கிக்கொண்டது.

“இதுவும் உள்ள போகலைன்னா? நீங்க வந்து நிப்பீங்களா?”

அவன் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கிழித்தான். பெரிய மெஷினை அதன்மேல் படுக்கவைத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் சுற்றிக் கோடு போட்டான். முனையில் பிட்டின் நீளத்தையும் சேர்த்தான். கத்தியால் வெட்டினான். பிறகு சின்னதையும் அப்படியே. இரண்டு அட்டை மெஷின்கள்!

“வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சுப் பாருங்க. எது உள்ள போய், அது பின்னால உங்க கைக்கும் இடம் இருக்கோ, அத வாங்குங்க. ரெண்டும் போகலைன்னா ஒண்ணும் வாங்காதீங்க.”

“அட்டையையே வித்துட்டுப் போறியாய்யா நீ...” கிர்கிஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

மழையில், கோட்டுக்குள் இரண்டு அட்டைகளை நனையாமல் அணைத்துக்கொண்டு ரீஹாம் டிராமுக்கு ஓடினாள். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள்... என்று நினைத்தபோது உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அது வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

*

மூன்றாவது மாடி வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். ஹாஜ் ஃபக்ரி, துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஆறு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் பாதியாகிவிட்டது. மகள் கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தானே போவார். இந்த மாதத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். இரண்டாவது தடவை நெற்றியில் நாலு தையல்.

சுவரில் பிடிமானத்துக்கு ஒரு கம்பி வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுவர் செங்கல் அல்ல, முழுக் கான்கிரீட். போன வாரம் வந்த ஆள் மெஷினைச் சாய்த்துப் பிடித்து ஏதோ குடைந்து கம்பியை மாட்டிவிட்டுப் போனான். மறுநாளே அது அப்பாவின் கையோடு வந்துவிட்டது. இரண்டாவது தடவை விழுந்தது அப்படித்தான்.

இன்னொரு தடவை விழுந்தால்... அதற்கு மேல் அவள் நினைப்பதில்லை.

பெரிய அட்டை பாதியிலேயே வாஷ்பேசினில் முட்டி மடங்கியது. சின்னது சுவரைத் தொட்டு நின்றது. பின்னால் எவ்வளவு மிச்சம்? கையை வைத்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... மூன்று விரல் இடைவெளி.

“என்ன விளையாட்டு இது?” கூடத்திலிருந்து அப்பாவின் குரல்.

“ஒண்ணுமில்ல பாபா.”

“கம்பின்னா எனக்கு வேண்டாம். சொல்லிட்டேன்.”

மறுநாள் வேலை முடிந்து கடைக்குப் போனாள். அவன் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் சப்பென்று இருந்தது... அது ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று தன்மேலேயே கோபமும் வந்தது. குட்டி மெஷினைக் கட்டிக் கொடுத்த கிர்கிஸ், பெட்டியின் மூடியில் ஒரு நம்பர் எழுதினார்.

“அவன் சொல்லிட்டுப் போனான். மாட்டிக்கிட்டா கூப்பிடச் சொன்னான். மாட்டிக்கலைன்னா வேண்டாமாம்.”

“மாட்டிக்க மாட்டேன்” என்றாள் ரீஹாம் விறைப்பாக.

மாட்டிக்கொண்டாள். முதல் துளை வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. இரண்டாவதில் மெஷின் கீச்சிட்டு நின்றது. எவ்வளவு பிடித்தாலும் ஒரு நூல்கூட நகரவில்லை. அவள் கழிப்பறைத் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கூப்பிடுவதா, வேண்டாமா... உதவி என்று வந்த ஒருவனை அவளுக்குத் தெரியும். நிச்சயம் வரைக்கும் வந்து, ‘உங்கப்பாவையும் சேத்தா நான் கட்டிக்கணும்?’ என்று கேட்டுவிட்டுப் போனவன். அதற்கப்புறம் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று வைத்திருந்தாள்.

நெற்றியில் நாலு தையல்... அது கண்முன் வந்தது. கூப்பிட்டாள்.

*

மூன்று மணிக்கு அவன் வந்தான். குளித்து, தலை சீவி வந்திருந்தான். தூள் இல்லாமல் பார்த்தபோது இன்னும் களைப்பாகத் தெரிந்தான். கழிப்பறை வாசலில் தோளைத் திருப்பிப் பார்த்தான், பக்கவாட்டில் நுழைந்து பார்த்தான்... முடியவில்லை.

“மிஸ் ரீஹாம், உங்க வீட்டுல ஒருத்தருக்குத்தான் இடம். அது நான் இல்ல.”

“அப்ப?”

“நீங்க உள்ள. நான் வெளியில. கை உங்களோடது, வாய் என்னோடது.”

“அது மட்டும் நல்லா வேலை செய்யும்னு கடையிலேயே பாத்தேன்.”

முதல் தடவையாக அவன் சிரித்தான். கண்ணோரத்தில் சுருக்கங்கள் விசிறி மாதிரி விரிந்தன. ரீஹாம் சட்டென்று மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தன் பாதுகாப்புக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். போட்டுக்கொண்டாள். அது அவள் முகத்துக்குப் பெரிது. அதற்குள் அவள் கண்கள் இரண்டும், மழைநீர் தேங்கிய ஜன்னல் வழியாகத் தெரிகிற விளக்குகள் மாதிரி... அவன் பார்த்தான். தரையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

“தூள் என்ன நிறத்துல வருது?”

“வெள்ளை... இல்ல, இப்ப மினுமினுக்குது.”

“நிறுத்துங்க. அது கான்கிரீட்டுக்குள்ள இருக்கற இரும்புக் கம்பி. அதோட சண்டை போடாதீங்க.”

“வேற என்ன பண்றது?”

“விலகிப் போயிடலாம். பிடிகம்பி முனையில இருக்கற தட்டக் கொஞ்சம் திருப்புங்க, துளையோட இடம் மாறும். ஆங்... அங்க குறி போடுங்க. டைல்ஸ் மேல முதல்ல சுத்தியல் சுவிட்ச அணைச்சுட்டு மெதுவா. டைல்ஸ் தாண்டினதும் சுத்தியலப் போடுங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குங்க. தள்ளாதீங்க.”

மெஷின் உறுமியது. அவள் தள்ளவில்லை. அது தானாக உள்ளே போனது.

“அடுத்தது?” என்றாள். தன் குரலில் ஒரு சின்னப் பெண்ணின் உற்சாகம் இருந்தது அவளுக்கே கேட்டது.

கம்பியின் கீழ் முனைக்கான துளைகள் முடிந்ததும் அவன் கூடத்தின் பக்கம் திரும்பினான். “ஹாஜ்... கம்பியோட மேல் முனை எவ்வளவு உயரத்துல இருக்கணும்? நீங்கதான் சொல்லணும்.”

ஹாஜ் ஃபக்ரி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருடைய வலது கை மட்டும், அவருக்கே தெரியாமல், காற்றில் ஒரு இடத்தைப் பிடிப்பது மாதிரி எழுந்தது. அவன் அந்த உயரத்தைக் கண்ணாலேயே அளந்து ரீஹாமிடம் சொன்னான்.

ஆறு துளைகள். இரும்பு ஆணிகள். கம்பி நின்றது. அவன் வாசலிலிருந்தே எட்டி அதைப் பிடித்து, தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. ரீஹாம் கண்ணாடியைக் கழற்றினாள். முகமெல்லாம் தூள், கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம். இருவரும் ஒரு கணம்... ஒரே ஒரு கணம்தான்... அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“வேலை முடிஞ்சுதா?” கூடத்திலிருந்து குரல் கத்தி மாதிரி வந்தது. “முடிஞ்சா அவரப் போகச் சொல்லு. வந்தது துளை போடவா, பொண்ணு பாக்கவா? நொண்டி வீடுன்னா யார் வேணும்னாலும் நுழையலாம்னு நெனச்சாங்களா? அந்தக் கம்பிய நான் தொட மாட்டேன். தொங்கிக்கிட்டே கிடக்கட்டும்.”

ரீஹாமின் உடம்பெல்லாம் கூசியது. யுஸ்ரி தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

“தப்பா எடுத்துக்காதீங்க ஹாஜ். நான் வரேன்.”

படிக்கட்டு வரை அவள் பின்னால் போனாள். ‘மன்னிச்சுக்குங்க’ என்று சொல்லத்தான் போனாள். ஆனால் அவன் முகத்தில் இருந்த அந்த மென்மையைப் பார்த்ததும்... அது இரக்கமாக இருந்துவிட்டால்? வாய் வேறு எதையோ சொன்னது.

“உங்களுக்கு நன்றி. ஆனா இனிமே வர வேண்டாம். எங்களப் பாத்து யாரும் பாவப்பட வேண்டாம்.”

அவன் தலையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கிப் போனான். மூன்று மாடியின் படிகளிலும் அவன் காலடிச் சத்தம் கேட்டது. கடைசிப் படி வரைக்கும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

பதினோரு நாள். மழை விட்டது, மறுபடி பிடித்தது. வார்டில் ஊசி போடும்போது, டிராமில் நின்றுகொண்டே கண் அயரும்போது, ‘தள்ளாதீங்க’ என்று ஒரு குரல். நம்பர் எழுதிய பெட்டி மூடியை அவள் தூக்கி எறியவில்லை. கூப்பிடவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, வேலை முடிந்து கதவைத் திறந்தபோது அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. பதறி ஓடினாள். கழிப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஹாஜ் ஃபக்ரி வலது கையால் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, மெல்ல மெல்ல... நின்றார். தனியாக. நிமிர்ந்து.

“என்ன பாக்கற? மனுஷன் எழுந்து நின்னதப் பாத்ததில்லையா?”

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்காரும் வரை அவர் அவள் கையைத் தொடவில்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் சொன்னார்.

“மொதல் நாளே பிடிச்சுட்டேன். நீ வேலைக்குப் போனப்புறம்.”

“பாபா!”

“இதுவரைக்கும் இந்த வீட்டுக்கு வந்தவன் எல்லாம் என்னத் தூக்கித்தான் விடப் பாத்தான். டாக்டர், பக்கத்து வீட்டுக்காரன், அந்த நிச்சயம் பண்ணினவன்... யாரும் என்கிட்ட எதையும் கேட்டதில்ல. இவன் உயரம் கேட்டான். என்கிட்ட கேட்டான்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உன்னையும் ஓரமா நிக்கச் சொல்லல. மெஷின உன் கையிலயே விட்டுட்டு வாசல்ல நின்னான். நான்தான் கிழட்டுக் கழுதை மாதிரி கத்திட்டேன். எங்கிட்டருந்து உன்னையும் கொண்டுபோயிடுவான்னு... பயம் வந்துடுச்சும்மா.”

ரீஹாம் அவர் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் தலையை வைத்தாள். அவருடைய நல்ல கை அவள் தலையில் இறங்கியது.

“வெள்ளிக்கிழமை மீன் சோறு பண்ணு. அவனக் கூப்பிடு. போன்ல வேண்டாம். நேர்ல போய்க் கூப்பிடு. நாம வெளிய அனுப்பின ஆள், நாமதான் போகணும்.”

*

கிர்கிஸ் சொன்ன கட்டடம் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்தது. எட்டு மாடி. கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது, குறுக்கே ஒரு பலகை. உள்ளே குழியிலிருந்து மெஷின் சத்தம். ரீஹாம் நனைந்தபடி ஓரத்தில் நின்றாள். சத்தம் நிற்கிற வரைக்கும் காத்திருந்தாள். நின்றது. அவளுடைய நெஞ்சுக்குள் மட்டும் நிற்கவில்லை.

“யுஸ்ரி...”

குழிக்குள்ளிருந்து வெள்ளை பூசிய முகம் அண்ணாந்தது. அவளைப் பார்த்ததும் அந்தக் கண்கள் அகலமாகி... உடனே கவலையாகின.

“என்னாச்சு? கம்பி ஆடுதா?”

“கம்பி நல்லா இருக்கு. பாபா அதப் பிடிச்சுத் தானா எழுந்திருக்கறாரு.” அவள் ஈரத் தரையிலேயே, குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். “நான்தான் ஆடிக்கிட்டு இருக்கேன்.”

அவன் கையிலிருந்த மெஷினைக் கீழே வைத்தான்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீங்க பாவப்படல. எனக்கு அது தெரிஞ்சே சொன்னேன். தெரியாத மாதிரி இருந்துட்டா சுலபம்ல...” குரல் உடைந்தது. “வெள்ளிக்கிழமை சாப்பிட வரணும். பாபா கூப்பிட்டாரு.”

“பாபா கூப்பிட்டாரு. சரி. நீங்க?”

மழை கட்டடத்தின் முகப்பில் அடித்துக்கொண்டிருந்தது. மேலே ஏதோ ஒரு மாடியில் கதவு சாத்தும் சத்தம். ரீஹாம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு யுஸ்ரி. ஆறு வருஷமா. தூங்கினாலும் போகாத களைப்பு. நீங்க வாசல்ல நின்ன அந்த ரெண்டு மணி நேரம்... அது இல்ல. வேலை குறையல, எல்லாம் நான்தான் பண்ணினேன். ஆனா களைப்பு இல்ல. அது ஏன்னு பதினோரு நாளா யோசிச்சேன்.” நிமிர்ந்தாள். “உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. பாபாவ விட்டுட்டு என்னால வர முடியாது. இதுதான் நான். இவ்வளவுதான். இப்ப நீங்க என்ன வேணும்னாலும் சொல்லலாம்.”

அவன் இமையில் தூள். அதன் நடுவே ஒரு சொட்டு நீர் கோடு போட்டு இறங்கியது. புறங்கையால் துடைத்தான், முகம் இன்னும் மோசமாயிற்று.

“இருபது வருஷமா இந்த மாதிரி குழியில இறங்கி ஏறிட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவை தலையத் தூக்கறப்பவும் மேல யாராவது நிக்கறாங்களான்னு பாப்பேன். வாட்ச்மேன்தான் நிப்பான். எப்ப முடிப்பேன்னு கேப்பான்.” மெல்லச் சிரித்தான். “நானும் களைச்சவன்தான் ரீஹாம். களைப்பப் போக்கறேன்னு உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ‘இன்னிக்கு ரொம்பக் களைப்பு’ன்னு நீங்க சொல்றதக் கேக்க ஆசையா இருக்கு. தினமும். ஹாஜும் கூட உக்காந்து என்னத் திட்டிக்கிட்டு இருக்கட்டும்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாயிற்று. மிஸ் என்று அவன் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் மனதில் பட்டது...

“லிஃப்ட் எப்பய்யா வரும்?” ஆறாவது மாடியிலிருந்து ஒரு அம்மாளின் குரல் படிக்கட்டு வழியாக உருண்டு வந்தது. “காய்கறிப் பையோட நிக்கறேன்!”

யுஸ்ரி அண்ணாந்து பார்த்தான். பிறகு ரீஹாமைப் பார்த்தான். விளிம்பில் கிடந்த அவள் விரல்களுக்குப் பக்கத்தில், தொடாமல், தன் கையை ஊன்றிக்கொண்டான்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா!” என்று உரக்கச் சொன்னான். “இங்க ஒரு முக்கியமான விஷயம் பேசிட்டு இருக்கேன்... கல்யாண விஷயம்!”